மேல் பரிசோதனைக்கு அனுப்பப்படும் பெண்ணுக்குத் தேதியும் துணையும் வேண்டும்

முப்பது வயது கடந்த பெண்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையங்களில் செவிலியர்கள் மார்பகத்தைக் கையால் தொட்டுப் பரிசோதிக்கிறார்கள். சந்தேகம் வந்தால் சீட்டு எழுதி அனுப்புகிறார்கள். காரைக்குடி, தேவகோட்டை வட்டாரப் பெண்கள் அந்தச் சீட்டோடு சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரிக்கோ மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்கோ போக வேண்டியிருக்கிறது. சீட்டு வாங்கிய நாளுக்கும் முடிவு தெரியும் நாளுக்கும் நடுவில் அவர்கள் என்ன பாடுபடுகிறார்கள் என்று கேட்பார் இல்லை. அந்த இடைநாட்களும் சிகிச்சையைச் சேர்ந்தவை, அவற்றுக்கும் மருத்துவத் துறை பொறுப்பேற்க வேண்டும் என்பதே எங்கள் அமைப்பின் நிலைப்பாடு.

நாங்கள் சந்திக்கும் பெண்களில் பலர் பலகாரம் சுடுபவர்கள், ஆத்தங்குடிக் கல் பட்டறையில் நிற்பவர்கள், வீட்டு வேலைக்குப் போகிறவர்கள். சீட்டை நாலாக மடித்து ரேஷன் கார்டு உறைக்குள் செருகிவிடுகிறார்கள். மகளுக்கு வரன் பார்க்கும் நேரமாக இருந்தால் கணவரிடம்கூடச் சொல்வதில்லை. வெளியே தெரிந்தால் சம்பந்தம் தட்டிப்போகும் என்ற பயம். இரவில் தூக்கம் வராமல் அந்த இடத்தையே அமுக்கி அமுக்கிப் பார்க்கிறார்கள். அமுக்கியதில் கன்றிப்போய் வலிக்கிறது. வலித்ததும், கட்டி வளர்ந்துவிட்டது என்று நடுங்குகிறார்கள்.

இந்த நடுக்கத்தில் பெரும்பகுதி, விஷயத்தை யாரும் விளக்காததால் வருவது. மேமோகிராம் என்னும் மார்பக எக்ஸ்ரே அறிக்கையில் ‘பைராட்ஸ்’ என்று ஓர் எண் இருக்கும். 3 என்று பார்த்ததும் நோய் மூன்றாம் கட்டத்துக்குப் போய்விட்டது என்று எண்ணி ஒரு பெண் உடைந்துபோகலாம். உண்மையில் அந்த 3-க்குப் பொருள், புற்றுநோயாக இருக்கும் வாய்ப்பு 2 சதவீதத்துக்கு மேல் இல்லை, ஆறு மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம் என்பதுதான். 0 என்றால் ஒன்றுமில்லை என்று வீட்டிலேயே இருந்துவிடக் கூடாது. எடுத்த படம் போதவில்லை, இன்னும் பார்க்க வேண்டும் என்று பொருள். இளவயதில் மார்பகத் திசு அடர்த்தியாக இருப்பதால் படம் தெளிவாக விழாமல் ஸ்கேனுக்கு அனுப்புவதும் உண்டு. இதைச் சொல்ல இரண்டு நிமிடம் போதும்.

அமெரிக்காவில் மேமோகிராமுக்குப் பிறகு மீண்டும் அழைக்கப்படும் பெண்களில் பத்தில் ஒருவருக்கும் குறைவாகவே புற்றுநோய் உறுதியாகிறது. கைக்குத் தட்டுப்படும் கட்டியோடு போகிறவர்களுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. பொய்யான ஆறுதலை நாங்கள் சொல்ல மாட்டோம். ஆனால் கட்டிகளிலும் பெரும்பாலானவை நீர்க்கட்டி, நார்க்கட்டி போன்ற தீங்கற்றவையே. ஊசி குத்திச் சதை எடுத்தால் நோய் பரவிவிடும் என்ற பேச்சுக்கு ஆதாரமில்லை. அந்தப் பேச்சை நம்பி யாரும் பயாப்ஸியைத் தள்ளிப்போட வேண்டாம். பற்றும் எண்ணெயும் போட்டு நாள் கடத்தவும் வேண்டாம். கொப்புடையம்மனுக்கு நேர்ந்துகொள்வது மனதுக்குத் தெம்பு தருமென்றால் நேர்ந்துகொள்ளுங்கள். குறித்த தேதியில் மருத்துவமனைக்கும் போய்விடுங்கள்.

வீட்டாருக்கு ஒரு வேண்டுகோள். “பயப்படாதே” என்று சொல்லிவிட்டு நகராதீர்கள். இன்னார் இப்படித்தான் செத்துப்போனார் என்ற கதைகளைக் காத்திருக்கும் பெண்ணின் காதில் போடாதீர்கள். விஷயம் தெரிந்த ஒருவராவது அவர் பக்கத்தில் இருக்கட்டும். நள்ளிரவில் தாங்க முடியாமல் போனால் 14416 என்ற எண்ணில் தமிழிலேயே மனநல ஆலோசகரிடம் பேசலாம்.

பக்கத்துப் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி, தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். 1954-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். இத்தனை ஆண்டுகளில் கருவிகள் பெருகியிருக்கின்றன. காத்திருக்கும் பெண்ணிடம் பேசுவதற்கு மட்டும் ஆளில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2021-ல் தொடங்கிய மார்பகப் புற்றுநோய் முன்முயற்சி, முதலில் காட்டிய நாளிலிருந்து 60 நாட்களுக்குள் நோய் இன்னதென்று கண்டறியப்பட வேண்டும் என்கிறது. எங்கள் பார்வையில் அது கடைசி எல்லை. அடுத்த பரிசோதனை இரண்டு வாரத்துக்குள் நடக்க வேண்டும். சீட்டிலேயே தேதி, நேரம், அறை எண், கூப்பிட்டுக் கேட்க ஒரு செவிலியரின் தொலைபேசி எண் ஆகியவை தமிழில் இருக்க வேண்டும். முடிவை நெரிசலான வரிசையில் வைத்துச் சொல்லாமல், அந்தப் பெண் விரும்பும் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்காரவைத்துச் சொல்ல வேண்டும். மகளிருக்கான கட்டணமில்லாப் பயணம் நகரப் பேருந்தோடு நின்றுவிடுகிறது. மதுரைக்குப் போய்வரும் செலவும் ஒருநாள் கூலியும் அவர் தலையில்தான் விழுகின்றன. சீட்டைக் காட்டினால் புறநகர்ப் பேருந்திலும் கட்டணம் வாங்கக் கூடாது. இதற்கு ஆணை வரும்வரை, கேட்கும் பெண்ணோடு எங்கள் தொண்டர் ஒருவர் மதுரைவரை கூடப் போவார். இருவருக்கும் உரிய பேருந்துக் கட்டணத்தை அமைப்பே கொடுக்கும்.