சூடு அடங்கட்டும்



குதிரை லத்தி கிடைத்தாலும் நம்மில் பலர் அதைத் தோட்டத்தில் சேர்ப்பதில்லை. "அது சூடு, செடி கருகிவிடும்" என்பார்கள். சூடு என்பது உண்மைதான். அந்தச் சூட்டை நம்பியே பிழைத்தார்கள், பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பாரிஸின் காய்கறித் தோட்டக்காரர்கள்.

நகரமெங்கும் குதிரை வண்டிகள் ஓடிய காலம். லாயங்களிலிருந்து வைக்கோலோடு அள்ளிவந்த புது லத்தியைப் பாத்தியாகப் பரப்பி மிதிப்பார்கள். மேலே மக்கிய மண்ணைப் போட்டு விதைத்து, கண்ணாடியால் மூடுவார்கள். குதிரை அசைபோடாத பிராணி. தின்ற நாரில் நிறைய செரிக்காமலே வெளியே வந்துவிடும். நாரும் காற்றும் ஈரமும் சேர்ந்த குவியலில் நுண்ணுயிர்கள் பெருகி வெப்பம் 60 டிகிரியைக்கூடத் தொடும். வெளியே உறைபனி கொட்டும் மாதங்களில் உள்ளே லெட்டூஸும் முள்ளங்கியும் விளைந்தது இப்படித்தான்.

பருவம் முடிந்ததும் அந்தப் பாத்தி கருகருவென்ற மண்ணாகியிருக்கும். குத்தகை முடிந்து வேறிடம் போகும்போது, தான் உண்டாக்கிய மண்ணைக் குறிப்பிட்ட ஆழம்வரை வெட்டி எடுத்துப்போகும் உரிமை தோட்டக்காரருக்கு ஒப்பந்தத்திலேயே உண்டு என்று 1899இல் வெளிவந்த நூலில் ரஷ்யச் சிந்தனையாளர் குரோபோட்கின் எழுதுகிறார். படித்ததிலிருந்து இது என் மனதை விட்டு அகலவில்லை. மண்ணை உழைப்பின் சொத்தாக மதித்திருக்கிறார்கள்!

நம் வெயிலுக்கு அந்தச் சூடு தேவையில்லை. அது அடங்கியபின் மிஞ்சுகிற மண்தான் வேண்டும். லத்தியை நிழலில் குவித்து, காயாமல் தண்ணீர் தெளித்து, அவ்வப்போது கிளறிவிடுங்கள். கிளறும்போது வெளிப்புறத்தில் இருப்பது உள்ளே போகவேண்டும். வயிற்றைக் கடந்து வந்த புல் விதைகள் சாவது அந்த உட்சூட்டில்தான். மூன்று நான்கு மாதத்தில் சாண வாடை போய் மண்வாசம் வரும். தொட்டிக் கலவையில் கால் பங்கு போதும். லாயத்தில் மரத்தூள் பரப்பியிருந்தால் இன்னும் பொறுத்திருங்கள். அரைகுறையாக மக்கிய மரத்தூள் செடிக்குரிய தழைச்சத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 2008இல் பிரிட்டனில் தொழுவுரம் இட்ட வீட்டுத் தோட்டங்கள் பலவற்றில் தக்காளி, அவரை இலைகள் சுருண்டுபோயின. காரணம், புல்வெளிகளில் தெளித்த அமினோபைராலிட் என்ற களைக்கொல்லி. கால்நடையின் வயிற்றைத் தாண்டியும் அதன் வீரியம் குறையவில்லை. ஆகவே உங்கள் உரத்தை முதலில் ஒரு தொட்டி மண்ணில் கலந்து நாலு அவரை விதை ஊன்றுங்கள். இலை நேராக விரிந்தால் பயமில்லாமல் மற்ற செடிகளுக்கும் போடலாம்.

லத்தியில் டெட்டனஸ் கிருமி இருக்க வாய்ப்புண்டு. கையுறை இல்லாமல் தொடாதீர்கள். தடுப்பூசி போட்டு நாளாகிவிட்டதென்றால் மருத்துவரைக் கேட்டுவிட்டே மண்வெட்டியை எடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்