பிஸ்கட் டின்னில் மீந்த மருந்து

இரவு ஒன்பது மணி இருக்கும். சுங்கை சிப்புட்டிலிருந்து அம்மா போன் செய்தார். "சின்னம்மாவுக்கு உடம்பெல்லாம் தடிச்சிருக்கும்மா. உதடு வேற வீங்குது. என்ன மருந்து கொடுக்கலாம்?"

என்ன சாப்பிட்டார் என்று கேட்டேன். தொண்டை வலி என்று சின்னம்மா சொல்ல, அம்மா தம் பிஸ்கட் டின்னிலிருந்து ஒரு கேப்சூலை எடுத்துக் கொடுத்திருக்கிறார். "என் பல் வலிக்குக் கிளினிக்கில கொடுத்தது. நல்ல மருந்துதானே, ஏன் வீணாக்கணும்?"

அது அமோக்சிசிலின். பென்சிலின் வகையைச் சேர்ந்த ஆண்டிபயாடிக். "போனை வைங்கம்மா, உடனே 999-க்குப் போடுங்க" என்றேன். மருத்துவமனையில் அட்ரினலின் ஊசி போட்டார்கள். மறுநாள் மாலை சின்னம்மா வீடு திரும்பினார். சிறு வயதில் தோட்ட ஆஸ்பத்திரியில் ஊசி போட்டபோதும் உடம்பு தடித்ததாம். அது என்ன மருந்து என்று யாரும் கேட்டு வைக்கவில்லை.

நான் மருந்தாளராகப் பதினைந்து ஆண்டுகளாக வேலை செய்கிறேன். "பென்சிலின் ஒத்துக்கொள்ளுமா?" என்று முன்பின் தெரியாதவர்களிடம் தினமும் கேட்கிறேன். சொந்தச் சின்னம்மாவிடம் ஒருநாளும் கேட்டதில்லை.

அமோக்சிசிலின் நல்ல மருந்துதான், அம்மா சொன்னதில் தவறில்லை. ஆனால் அது பாக்டீரியாவை மட்டுமே கொல்லும். சளி, ஃப்ளூ எல்லாம் வைரஸால் வருபவை. தொண்டை வலியும் பெரும்பாலும் அப்படித்தான். அவற்றுக்கு இதைச் சாப்பிட்டால் நோய் குறையாது. வயிற்றுப்போக்கு போன்ற தொல்லைதான் வரும். உடம்பிலுள்ள பாக்டீரியாக்களும் மருந்துக்கு அடங்காமல் போகப் பழகும். மருத்துவரின் சீட்டு இல்லாமல் மருந்தகத்தில் இதை விற்கக்கூடாது என்பது நம் நாட்டுச் சட்டம். அம்மாவின் பிஸ்கட் டின்னுக்குத்தான் எந்தச் சட்டமும் இல்லை.

மருத்துவர் உங்களுக்கென்று எழுதிக் கொடுத்திருந்தால் பயப்படாமல் சாப்பிடுங்கள். 'தீகா காலி செஹாரி' என்று உறையில் இருந்தால், மூன்று வேளையும் ஏறக்குறைய எட்டு மணி நேர இடைவெளியில் இருப்பது நல்லது. காலை எட்டு, மதியம் ஒன்று, மாலை ஆறு என்று முடித்துவிட்டால் இரவு முழுவதும் உடம்பில் மருந்து குறைந்துவிடும். சாப்பாட்டுக்கு முன்னோ பின்னோ எடுக்கலாம். வயிற்றைப் புரட்டினால் சாப்பிட்ட பின் எடுங்கள். ஒரு வேளை மறந்துவிட்டால் நினைவு வந்ததும் சாப்பிடலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டதை விட்டுவிடுங்கள். இரண்டையும் சேர்த்து விழுங்க வேண்டாம்.

குழந்தைகளுக்கான மருந்தைத் தண்ணீர் கலந்த பிறகு நெடுநாள் வைக்க முடியாது. பிராண்டைப் பொறுத்து ஒரு வாரமோ இரண்டு வாரமோதான் தாங்கும், லேபிளைப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் நன்றாகக் குலுக்கி, அதனுடன் வரும் அளவுக் கரண்டியால் கொடுங்கள். சமையலறைக் கரண்டி வேண்டாம்.

பென்சிலின் ஒத்துக்கொள்ளாதவர்கள் பெட்டியில் உள்ள பெயரை மட்டும் பார்த்து ஏமாந்துவிடக்கூடாது. ஆக்மென்டினிலும் அமோக்சிசிலின் இருக்கிறது. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் அதை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மருந்து சாப்பிட்ட பின் தோல் தடித்தால் அடுத்த வேளையை நிறுத்திவிட்டு மருத்துவரைக் கேளுங்கள். உதடோ முகமோ வீங்கினால், மூச்சுத் திணறினால், யாருக்கும் போன் செய்து ஆலோசனை கேட்காதீர்கள். நேராக 999.

அடுத்த வாரம் ஊருக்குப் போனபோது டின்னைக் கொட்டிப் பார்த்தேன். நான்கு வகை ஆண்டிபயாடிக், எல்லாம் பாதிப் பாதி. "பல் வலி மூணு நாள்ல போயிடுச்சு, அதான் நிறுத்திட்டேன்" என்றார் அம்மா. வலி போவதும் கிருமி ஒழிவதும் ஒன்றல்ல. எத்தனை நாளுக்குக் கொடுத்தார்களோ அத்தனை நாளும் சாப்பிட வேண்டும். முன்னதாக நிறுத்தலாமா என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். அப்படிச் சாப்பிட்டிருந்தால் சின்னம்மாவுக்குக் கொடுக்க அன்று எதுவும் மீந்திருக்காது.

மீந்தவற்றை அரசாங்க கிளினிக் மருந்தகத்தில் ஒப்படைத்தேன். சின்னம்மாவின் பர்சில் இப்போது ஒவ்வாமை அட்டை இருக்கிறது. அம்மா வீட்டு ஐஸ்பெட்டிக் கதவிலும் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன்: யாருக்கு எந்த மருந்து ஆகாது என்று.

இன்று ஞாயிற்றுக்கிழமை. எல்லாரும் வீட்டில் இருப்பீர்கள். உங்கள் வீட்டு டின்னைத் திறந்து பாருங்கள். பெரியவர்களிடம் அந்த ஒரு கேள்வியையும் கேட்டுவிடுங்கள்.