லயம் என்றொரு சொல்

கலஹாப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, இப்போது கனடாவில் வாழும் நண்பர் ஒருவர் அண்மையில் என்னைக் கடிந்துகொண்டார். "பத்திரிகைக்காரர்கள் இன்னும் 'லயம்' என்றே எழுதுகிறீர்களே! 'தோட்டக் குடியிருப்பு' என்று கௌரவமாக எழுதக் கூடாதா?"

அவரது மனத்தாங்கல் நியாயமானது. ஆயினும் நான் உடன்படவில்லை.

'லைன்' என்ற ஆங்கிலச் சொல்லுக்குக் கோடு, வரிசை என்பன பொருள். தொலைபேசிக்கும் மின்கம்பிக்கும் அதனையே புழங்குகிறோம். பிரித்தானியர் காலத்தில், படைவீரர்களையும் குதிரைகளையும் வரிசையாகத் தங்கவைத்த இடங்களுக்கும் அதுவே பெயர். வட இந்திய நகரங்களில் வெள்ளை அதிகாரிகளின் விசாலமான பங்களாப் பகுதி 'சிவில் லைன்ஸ்' ஆயிற்று. கண்டி மலைகளிலோ, கோப்பிக் காலத்திலேயே, தொழிலாளரை அடைத்துவைத்த அறை வரிசைகள் 'கூலி லைன்ஸ்' ஆயின. அதுவே எம்மவர் நாவில் லயன் என்றும் லயம் என்றும் திரிந்தது. சங்கீதத்து லயத்துக்கும் இதற்கும் உறவில்லை.

1867இல் ஜேம்ஸ் டெய்லர், கலஹாவுக்கு அண்மையிலுள்ள லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். பயிர் மாறியது, லயம் மாறவில்லை.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். தேயிலைச் செடிகளின் வரிசையை எம்மக்கள் 'நிரை' என்பார்கள், பேச்சில் 'நெரை'. நல்ல பழந்தமிழ்ச் சொல். செடி வரிசைக்குத் தமிழ்ப் பெயர் வைத்தவர்கள், தாம் படுத்துறங்கும் வரிசைக்குத் துரைமாரின் சொல்லையே வைத்துக்கொண்டார்கள். அந்தக் கூரை தமக்குச் சொந்தமில்லை என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள் போலும்.

செய்தி மேசையில் லயத் தீ விபத்துகளைப் பலமுறை செப்பனிட்டிருக்கிறேன். ஓர் அறையில் பற்றிய தீ ஏன் பல குடும்பங்களைத் தெருவில் நிறுத்துகிறது? ஒரே கூரை, பொதுச் சுவர்கள். 'லயம்' என்று எழுதினால் வாசகருக்கு அது புரியும். 'தோட்டக் குடியிருப்பு' என்றால் பூஞ்செடி வைத்த தனிவீடு அல்லவா மனக்கண்ணில் தோன்றும்!

2015இன் பின்னர் 7 பேர்ச் காணியில் தனிவீடுகள் கட்டும் திட்டம் வந்தது. 2017இல் நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர் மோடி மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். வரவேற்கத்தக்கவையே. ஆனால் இன்றும் பெருந்தொகையானோர் லயங்களில்தான் வாழ்கிறார்கள்.

சொல்லை மாற்ற ஆசிரியரின் பேனா போதும். லயத்தை மாற்றக் காணி உறுதி வேண்டும். அது அவர்கள் கைக்கு வரட்டும். அதன்பின் 'வீடு' என்றே எழுதுவேன், நண்பரே.