ரேஷன் எண்ணெயும் இரத்தக் குழாயும்

மல்லாங்கிணற்றிலிருந்து அருப்புக்கோட்டை, திருச்சுழி வரை விரிந்து கிடக்கும் வானம் பார்த்த பூமியில் எள்ளும் நிலக்கடலையும் விளைகின்றன. விளைவித்தவர்களோ அவற்றை வியாபாரியிடம் போட்டுவிட்டு, ரேஷன் கடை வரிசையில் நின்று, கடல் கடந்து வரும் பாமாயிலை லிட்டர் 25 ரூபாய்க்கு வாங்கிச் செல்லுகிறார்கள். இதில் என்ன விபரீதம் என்பார்க்கு வைத்திய சாஸ்திரம் பதில் சொல்லுகிறது.

வயிறு பெருத்தல், இரத்த அழுத்தம் ஏறுதல், சர்க்கரை ஏறுதல், டிரைகிளிசரைடு என்னும் கொழுப்பு மிகுதல், நல்ல கொழுப்புக் குறைதல் ஆகிய ஐந்தில் மூன்று சேர்ந்தால் அதை மெடபாலிக் சிண்ட்ரோம் என்கிறார்கள். இரத்தக் குழாயின் உட்சுவர் நைட்ரிக் ஆக்ஸைடைச் சுரந்து குழாயைத் தளர்த்துவது இயல்பு. இக்கோளாறு உள்ளவர்களிடம் அச்சக்தி குன்றுகிறது, குழாய் இறுகுகிறது, மாரடைப்புக்கு வழி பிறக்கிறது.

எந்தக் கொழுப்பு இதைத் தணிக்கும்? ஸ்பெயின் தேசத்துக் கோர்டோபா நகரில் இத்தகைய நோயாளிகள் 75 பேரை நான்கு பிரிவாக்கி 12 வாரம் வெவ்வேறு உணவு கொடுத்துப் பார்த்தார்கள். 2010ல் வெளியான முடிவின்படி, ஒலீயிக் அமிலம் மிகுந்த கொழுப்பை உண்டவர்களின் குழாய்களே உணவுக்குப் பின் நன்கு விரிந்து கொடுத்தன. நம் கடலை எண்ணெயிலும் ஏறக்குறையப் பாதி அந்த அமிலந்தான். நல்லெண்ணெயில் ஐந்தில் இரண்டு பங்கு.

பாமாயிலிலும் ஐந்தில் இரண்டு பங்கு உண்டே என்று எதிர்க்கட்சி வக்கீல் எழுந்திருக்கலாம். உண்மை. ஆனால் குழாய்க்கு ஆகாத பூரிதக் கொழுப்பும் அதில் அதே அளவு இருக்கிறது. கடலை எண்ணெயில் அது சுமார் ஐந்தில் ஒரு பங்கு. நல்லெண்ணெயில் அதனினும் குறைவு.

சென்னையில் 1,875 பேரை ஆராய்ந்து 2013ல் வெளியிட்ட கணக்கு நம் சிந்தனைக்குரியது. சூரியகாந்தி எண்ணெய் உபயோகிப்போரில் நூற்றுக்குச் சுமார் 31 பேருக்கும், பாமாயில்காரர்களில் 23 பேருக்கும், கடலை எண்ணெய், நல்லெண்ணெய் முதலிய பழைய எண்ணெய்க்காரர்களில் 17 பேருக்கும் இக்கோளாறு காணப்பட்டது. எண்ணெய் ஒன்றே காரணம் என்று இது நிரூபித்துவிடாது. அலட்சியம் செய்யத்தக்கதும் அன்று.

கடலை எண்ணெயாயிற்றே என்று அளவின்றி ஊற்றுவதற்கு இது அநுமதிச் சீட்டு ஆகாது. விருதுநகர் எண்ணெய்ப் பரோட்டாவில் நமக்கும் பற்றுண்டு. எனினும், திரும்பத் திரும்பக் காய்ந்த எண்ணெயில் எந்த வித்தின் குணமும் நிலைப்பதில்லை.

கடலை எண்ணெய் பன்மடங்கு விலையாயிற்றே என்பது சர்க்காரின் ஆட்சேபம். ஒரு லிட்டர் பாமாயிலுக்குப் பதில் அரை லிட்டர் கடலை எண்ணெய் கொடுக்கட்டும். எண்ணெய் குறைவதும் நன்மையே. கூட்டுறவுச் சங்கங்கள் இவ்வட்டாரத்து வித்துக்களை நியாய விலைக்கு வாங்கி ஆட்டட்டும். விருதுநகர் ஜில்லாவில் மட்டும் ஓராண்டு இதை நடத்தி, ஆகும் செலவையும் ஜனங்களின் உடல்நிலையையும் சர்க்கார் பகிரங்கமாக வெளியிட வேண்டுமென்று கோருகிறோம்.