நிழல் விழும் தாளுக்கு முதலில் ஒரு ஸ்கேல்

தாளின் உச்சியில் தடித்த எழுத்தில் ‘வாடகை ஒப்பந்தம்’ என்று அச்சாகிறது. சற்றுக் கீழே, இரண்டாவது பத்தியின் வரிகளுக்கு நடுவே, அதே சொற்கள் மங்கலாக மறுபடி தலைகாட்டுகின்றன. ஜெராக்ஸ் கடைக்காரர் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, “கார்ட்ரிட்ஜ் போயிடுச்சு சார், மாத்தணும்” என்கிறார். பல சமயம் அவர் சொல்வது சரியாகவே இருக்கும். ஆனால், புது கார்ட்ரிட்ஜ் போட்ட பிறகும் அதே இடத்தில் அதே நிழல் விழும்போதுதான், செலவழித்த பணம் குருட்டாம்போக்கில் போனது புரியும்.

இந்த நிழல் தாளில் கண்ட இடத்தில் விழுவதில்லை. அசல் எழுத்துக்கும் நிழலுக்கும் இடையே உள்ள தூரத்தை அளந்தால், கோளாறு எந்த உருளையில் என்று தெரிந்துவிடும். கடையில் எப்போதும் கிடக்கும் ஸ்கேலே இதற்குப் போதும். அளக்கத்தான் ஆளில்லை.

லேசர் பிரிண்டரின் உள்ளே எழுத்தைச் சுமப்பது டிரம் என்கிற உருளை. தமிழ்நாட்டுக் கடைகளில் நெடுங்காலமாக உழைத்துவரும் கேனன் எல்பிபி 2900, எச்பி லேசர்ஜெட் 1020 வகை இயந்திரங்களில் அதன் விட்டம் 24 மில்லிமீட்டர். சுற்றளவு சுமார் 75. ஏ4 தாளின் நீளமோ 297. ஆக, ஒரே பக்கம் முடிவதற்குள் டிரம் ஏறக்குறைய நான்கு முறை சுற்றிவிடுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் பழைய எழுத்தைத் துடைத்தெறிந்துவிட்டுப் புதியதை ஏந்த வேண்டும். ஒட்டி மிஞ்சிய பவுடரை வழித்தெடுப்பது வைப்பர் பிளேடு. மிஞ்சிய மின்னூட்டத்தைச் சமன்செய்து, அடுத்த எழுத்துக்குத் தயார்ப்படுத்துவது பிசிஆர் எனப்படும் சிறு உருளை. பிளேடு தேய்ந்தாலும், பிசிஆர் அழுக்கேறினாலும், டிரம்மே கிழடுதட்டினாலும், முந்தைய சுற்றின் எழுத்து அதே 75 மில்லிமீட்டர் அளவு தள்ளி மீண்டும் வந்து நிற்கும். அப்படியானால் குற்றவாளி கார்ட்ரிட்ஜ்தான். கடைக்காரர் சொன்னது சரி.

தூரம் வேறாக இருந்தால்? பவுடரை உருக்கித் தாளோடு பிணைக்கும் ஃபியூசர் பக்கம் திரும்ப வேண்டும். அங்கே சூடு 200 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும். சூடு போதாவிட்டாலும் மிஞ்சினாலும் பவுடரில் கொஞ்சம் ஃபியூசரிலேயே ஒட்டிக்கொண்டு, அடுத்த சுற்றில் தாளில் இறங்கும். முத்திரைத்தாளில் இந்தத் தொல்லை வருவதற்கு வாய்ப்பு அதிகம். தடித்த தாள் சூட்டை உறிஞ்சிவிடும். கணினியிலோ தாள் வகை ‘சாதாரணம்’ என்றே கிடக்கும். அதைத் ‘தடித்த தாள்’ என்று மாற்றினால் பல நேரம் காசு செலவில்லாமல் வேலை முடிந்துவிடும். ஈரம் கோத்த தாளும் இதே வேலையைச் செய்யும். மழைக்காலத்தில் தாள் கட்டைப் பிரித்துப் போட்டு வைக்கும் கடைகள் இதைக் கவனிப்பது நல்லது.

ஸ்கேலும் கைகொடுக்காத இடத்தில் இன்னொரு சோதனை உண்டு. தாள் பாதி வழியில் இருக்கும்போது மூடியைத் திறந்து அச்சை நிறுத்தி, ஃபியூசருக்குள் நுழையாத தாளை மெல்ல வெளியே எடுக்க வேண்டும். அதில் நிழல் இருந்தால் டிரம் பக்கத்துக் கோளாறு, இல்லையென்றால் ஃபியூசர். ஃபியூசர் பக்கம் மட்டும் விரல் போகக் கூடாது, சுட்டுவிடும்.

ஜெராக்ஸ் எடுக்கும்போது நிழல் எழுத்துகள் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலம் மாறித் தெரிந்தால், இயந்திரத்தைத் திட்டவே வேண்டாம். மூலத்தாள் மெல்லியது, பின்பக்க எழுத்து முன்னால் கசிகிறது. அதன் முதுகில் ஒரு கறுப்புத் தாளை வைத்தால் சரியாகிவிடும்.

பழையதைத் துடைப்பது இந்தத் தொழில்நுட்பத்துக்குப் பிறவியிலேயே வந்த தலைவலி. 1938 அக்டோபர் 22 அன்று நியூயார்க்கின் அஸ்டோரியாவில் செஸ்டர் கார்ல்சன் கந்தகம் பூசிய துத்தநாகத் தகட்டில் முதல் நகலை எடுத்தார். 1959இல் வந்த ஜெராக்ஸ் 914 இயந்திரத்திலோ டிரம்மில் மிஞ்சிய பவுடரைத் துடைக்க முயல் ரோமத் தூரிகை வைத்தார்கள். இன்று அந்த வேலையைச் செய்வது வைப்பர் பிளேடு என்ற மெல்லிய ரப்பர் பட்டை. ‘ரீஃபில்’ என்ற பெயரில் பவுடரை மட்டும் திரும்பத் திரும்ப நிரப்பும்போது கண்டுகொள்ளாமல் விடப்படுவதும் அதுவே. கழிவுப் பவுடர் சேரும் அறையைக்கூடக் காலி செய்யாமல் மூடித் தருபவர்கள் இருக்கிறார்கள். பழியை ரீஃபில் கடைக்காரர் தலையில் மட்டும் கட்டுவதும் நியாயமில்லை. “பவுடர் மட்டும் போடுங்க, போதும்” என்று பேரம் பேசுகிறவர்கள் வாடிக்கையாளர்கள்தாம்.

அதனால் ரீஃபில் ரசீதில் என்ன நிரப்பினார்கள் என்பதோடு, டிரம், பிளேடு, பிசிஆர் ஆகியவற்றில் எதை மாற்றினார்கள், எதை மாற்றவில்லை என்பதும் எழுதப்பட வேண்டும். வாரம் தவறாமல் பிரிண்டர் ஓடும் அரசு அலுவலகங்கள் முதலில் இதைக் கேட்கலாம். கோளாறு எதுவென்று பார்க்காமலே கார்ட்ரிட்ஜுக்கு இன்டென்ட் போடும் வழக்கமும் குறையும். சான்றிதழிலோ பட்டாவிலோ ஓர் எண்ணின் மேல் இன்னோர் எண்ணின் நிழல் படிந்தால், 3 என்பது 8 ஆகத் தெரிய வெகுநேரம் ஆகாது.

தயாரிப்பாளர்களுக்கும் இதில் பங்குண்டு. எந்த உருளைக்கு எத்தனை மில்லிமீட்டர் என்ற பட்டியலை அவர்கள் சர்வீஸ் கையேட்டில் போடுகிறார்கள். அது மெக்கானிக்கின் பையில் இருக்கும், அல்லது அங்கும் இருக்காது. பிரிண்டரின் மூடியைத் திறந்தால், சிக்கிய தாளை எப்படி உருவுவது என்று படம் போட்டு ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறார்கள். அதற்குப் பக்கத்தில் டிரம், ஃபியூசர், டிரம்முக்குப் பவுடர் தரும் உருளை என்று மூன்று அளவுகளை அச்சிட இரண்டு விரல் அகலம் போதும்.