தள்ளுபடி விற்பனையில் கட்சிகள்: கணக்கைத் தீர்ப்பது யார்?

கோல்கட்டா: பல மாநிலங்களின் கைத்தறி, கைவினைப் பொருட்கள் ஒரே இடத்தில் விற்கப்படும் "தட்சிணாபன்' வணிக வளாகம், தெற்கு கோல்கட்டாவின் டாக்குரியாவில் உள்ளது. மேம்பாலத்தைக் கடந்து சற்றுத் தொலைவு சென்றால் கரியாஹாட் கடைவீதி. நமது பங்குனியை ஒட்டி வரும் வங்காள சைத்ர மாதத்தில், புத்தாண்டுக்கு முன் பழைய சரக்கை விற்றுத் தீர்க்கும் "சைத்ர தள்ளுபடி' இங்கு களைகட்டும்.

கையில் காசு குறையும் போது வியாபாரி கடைப்பிடிக்கும் வழிகள் இரண்டு. ஒன்று, இதுபோல் விலையைக் குறைப்பது. மற்றொன்று, விலையை மாற்றாமல் எடையைக் குறைப்பது. ஐந்து ரூபாய் பிஸ்கட் பொட்டலம் இளைத்துப் போன ரகசியம் இதுவே.

அரசியலும் இதே பாதையில் தான் செல்கிறது. கொரோனாவால் 2020-21ல் நாட்டின் பொருளாதாரம் சுருங்கியது. அந்த நெருக்கடியில் நடந்த 2021 சட்டசபைத் தேர்தலில், மேற்கு வங்கத்தில் திரிணமுல் காங்கிரசும், தமிழகத்தில் தி.மு.க.,வும் பெண்களுக்கு மாத உதவித்தொகை அறிவித்து வென்றன. இரு கட்சிகளுக்கும் உத்தி வகுத்தது பிரசாந்த் கிஷோரின் "ஐ-பேக்' நிறுவனமே.

வங்கத் திட்டத்தின் பெயர் "லட்சுமிர் பண்டார்'. பெண்கள் தயாரித்த சுதேசிப் பொருட்களை விற்க, 1904ல் சரளாதேவி சவுதுராணி தொடங்கிய கடையின் பெயரும் அதுவே. அத்திட்டத்தில் முதலில் மாதம் 500 ரூபாயும், தாழ்த்தப்பட்ட, பழங்குடியினப் பெண்களுக்கு 1,000 ரூபாயும் தரப்பட்டன. 2024 தேர்தல் ஆண்டில் இவை முறையே 1,000, 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டன.

தமிழகத்தில் நடந்ததோ "எடைக்குறைப்பு'. இல்லத்தரசிகளுக்கு 1,000 ரூபாய் என்று வாக்குறுதி தரப்பட்டது. 2023 செப்டம்பரில் திட்டம் துவங்கிய போது, ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்கு மிகக் கூடாது என்பது உள்ளிட்ட நிபந்தனைகள் சேர்ந்தன.

ஏழைப் பெண்ணின் கைக்கு நேரடியாகப் பணம் சேர்வதைக் குறை கூற முடியாது. ஆனால், வியாபாரிக்கும் கட்சிக்கும் ஒரு வேறுபாடு உண்டு. வியாபாரி தன் லாபத்தில் இருந்து தள்ளுபடி தருகிறார். கட்சியோ, வாக்காளரின் வரிப்பணத்திலும், அவர் பெயரில் வாங்கும் கடனிலும் இருந்து தருகிறது. சரக்கு பிடிக்கவில்லை எனில் மறுநாளே வேறு கடைக்குச் செல்லலாம். ஆட்சியை மாற்ற ஐந்தாண்டு காத்திருக்க வேண்டும்.

வங்காளப் புத்தாண்டில் வியாபாரிகள் பழைய பாக்கியைத் தீர்த்து, "ஹால்கத்தா' என்னும் புதுக்கணக்கு எழுதுவர். கட்சிகள் மட்டும் பழைய பாக்கியை அப்படியே வைத்துக் கொண்டு, ஒவ்வொரு தேர்தலுக்கும் புதுக்கணக்கு துவக்குகின்றன. பழைய ஏட்டைக் கேட்டு வாங்கிப் பார்ப்பது வாக்காளரின் பொறுப்பு.