முகாமில் காத்திருக்கும் விண்ணப்பங்கள்

மாண்புமிகு ஒன்றிய உள்துறை அமைச்சர் அவர்களுக்கு,

2025 செப்டம்பர் முதல் தேதியன்று தங்கள் அமைச்சகம் பிறப்பித்த ஆணைக்கு முதலில் நன்றி. 2015 ஜனவரி 9 வரை இங்கு தஞ்சம் புகுந்து, பெயரைப் பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்கள்மீது பாஸ்போர்ட்டும் விசாவும் இல்லாத குற்றத்துக்காக இனி நடவடிக்கை இல்லை என்றது அந்த ஆணை. புதிய குடியேற்றச் சட்டத்தில் அந்தக் குற்றத்துக்கு ஐந்தாண்டு வரை சிறை உண்டு. அந்தப் பயம் போனது சின்ன விஷயமில்லை.

இலங்கைத் தமிழர் அகதி முகாம் மக்களுக்கு மனு எழுதிக் கொடுக்கும் வேலையை விரும்பிச் செய்துவருபவள் நான். ஆணை வந்த செய்தி பரவியதும் என்னிடம் பலரும் கேட்டது ஒன்றே: “அப்ப இனி சிட்டிசன்ஷிப்புக்கு எழுதிப் போடலாமோ?” முடியாது என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது.

குடியுரிமைச் சட்டத்தில் பதிவின் மூலம் குடியுரிமை பெறலாம். நீண்ட காலம் இங்கு வாழ்ந்ததைக் காட்டியும் பெறலாம். இரண்டு விண்ணப்பங்களின் வாசலிலும் ஒரே தடை: உரிய பயண ஆவணமின்றி நாட்டுக்குள் வந்தவர் சட்டவிரோதக் குடியேறி, அவர் விண்ணப்பிக்கவே கூடாது. குண்டுவீச்சுக்கு நடுவே மன்னாரில் படகேறியவர் எந்த அலுவலகத்தில் விசா வாங்கியிருப்பார்? பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த ஆறு மதத்தவருக்கு 2019 திருத்தம் இந்தத் தடையை நீக்கியது. இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை. அதனால் தங்கள் ஆணை இவர்களைச் சிறையிலிருந்து காத்ததே தவிர, விண்ணப்பிக்கும் தகுதியைத் தரவில்லை.

இதனால் அதிகம் அடிபடுவது கலப்புக் குடும்பங்கள். நாற்பதாண்டுகளாக ஒரே ஊரில், ஒரே பள்ளியில், ஒரே கட்டட வேலையில், ஒரே பெயிண்டிங் வேலையில் சேர்ந்திருப்பவர்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொள்ளாமல் இருப்பார்களா? இந்தியக் குடிமகளை மணந்த வெளிநாட்டவர் ஏழாண்டு இங்கு வாழ்ந்திருந்தால் பதிவுக்கு விண்ணப்பிக்கலாம் என்கிறது சட்டம். முகாம் மாப்பிள்ளைக்கு அதுவும் இல்லை. அதோடு முடியவில்லை. 2004 டிசம்பர் 3 முதல் பிறந்த குழந்தையின் பெற்றோரில் ஒருவர் சட்டவிரோதக் குடியேறி என்றால், மற்றவர் இந்தியராகவே இருந்தாலும் குழந்தை பிறப்பால் இந்தியர் ஆகாது. தாயின் பெயர் வாக்காளர் பட்டியலில் இருக்கிறது. அரசு மருத்துவமனையில் பிறந்து, அரசுப் பள்ளியில் தமிழ் படித்த மகள், பதினெட்டு வயதாகியும் அதில் பெயர் சேர்க்க முடியாமல் நிற்கிறாள். அரசு வேலைக்கான தேர்வையும் எழுத முடியாது. அப்பா படகில் வந்ததற்கு அவள் என்ன செய்வாள்? சட்டத்தின் வேறெந்தப் பகுதியைவிடவும் எனக்கு இதுதான் அநியாயமாகப் படுகிறது.

எவருடைய கருணையும் தேவைப்படாத ஒரு கூட்டமும் முகாம்களில் உண்டு. 1987 ஜூலை முதல் தேதிக்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும், பிறப்பாலேயே இந்தியர். இலங்கையில் நடந்த 1983 கலவரத்துக்குப் பின் வந்தவர்களின் மூத்த பிள்ளைகள் சிலர் இந்தக் கணக்கில் வருவார்கள். மண்டபம் முகாமில் 1986இல் பிறந்த ஒரு பெண்ணுக்கு இந்தியப் பாஸ்போர்ட் வழங்கும்படி சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022இல் உத்தரவிட்டது. அவருக்குக் கிடைத்த தீர்வு அதே தேதிக்கு முன் பிறந்த மற்றவர்களுக்கும் உரியதுதானே? ஒவ்வொருவரும் தனித்தனியாக வக்கீல் பிடிக்க வேண்டுமா? யார் எங்கே எப்போது பிறந்தார் என்ற பதிவு முகாம் நிர்வாகத்திடம் இருக்கிறது. பிறப்புச் சான்றிதழ் இல்லாதவருக்கு அதையே ஆதாரமாக ஏற்கலாம்.

மலையகத் தமிழர் கதை இன்னும் பழையது. தேயிலைத் தோட்டங்களுக்கு வெள்ளையர் கொண்டுபோன நம் ஊர்க்காரர்களின் வாரிசுகள் அவர்கள். 1948இல் இலங்கைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேரையும் அவர்களுக்குப் பின்னால் பிறக்கும் பிள்ளைகளையும் ஏற்க இந்தியா கையெழுத்திட்டது. 1984இல் அவர்களை ஏற்றிவந்த தலைமன்னார் கப்பல் நின்றபோது வாக்குறுதி பாதியில் நின்றது. வர முடியாமல் போனவர்களில் பலர் பிறகு அகதிகளாக வந்தார்கள். அவர்களில் 65 பேர் தொடுத்த வழக்கில், அவர்களின் குடியுரிமை விண்ணப்பங்களைப் பரிசீலித்து 16 வாரங்களில் முடிவெடுக்குமாறு மதுரைக் கிளை 2019இல் ஒன்றிய அரசுக்கு உத்தரவிட்டது. தேசம் கொடுத்த வாக்கைக் கேட்டு ஒரு குடும்பம் நீதிமன்றப் படி ஏறுவது தேசத்துக்கு அழகல்ல.

இலங்கைக்கே திரும்ப விரும்புகிறவர்களும் உண்டு. வெளியேறும் அனுமதிக்கான மனுவைத் தாமதமின்றி முடித்து அவர்களை வழியனுப்புங்கள். இங்கேயே இருக்க விரும்புகிறவர்களைப் பற்றித்தான் என் கோரிக்கை.

அடுத்த நாடாளுமன்றக் கூட்டத்தொடரில், 2019 திருத்தம் மூன்று நாட்டவருக்குத் தந்த விலக்கை, தங்கள் ஆணை குறிப்பிடும் பதிவு பெற்ற இலங்கைத் தமிழருக்கும் மதம் பாராமல் விரிவாக்குங்கள். அது இங்கு பிறந்த பிள்ளைகளுக்கும் பிறந்த நாள் தொட்டுப் பொருந்தும் என்று அதில் எழுதுங்கள். திருத்தம் வர நாளாகலாம். 1987 ஜூலைக்கு முன் பிறந்தவர்களுக்குச் சட்டத்தை மாற்ற வேண்டியதில்லை. முகாம்தோறும் அவர்களைக் கணக்கெடுக்க மாவட்ட ஆட்சியர்களுக்கு ஒரு சுற்றறிக்கை போதும். அதை இந்த மாதமே அனுப்பலாம்.

இப்படிக்கு,
முகாம் மக்களுக்கு மனு எழுதித் தரும் ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியை